இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். மற்றதை நீ கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனை ஆபீசில் வாங்கி, கவரில் போட்டு ஒட்டி, அதன்மேல் என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு போன் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டால் "சார்ஜ் இல்லீங்க" என்கிறார்கள். போன வாரம்வரை அவர்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்னைத்தான் எழுப்புவார்கள். இப்போது என் கை பட்டால் போன் செத்துவிடுமாம். தெருமுனைக் கடையில் கெஞ்சி உன் கடைக்கு நான்கு தடவை அடித்தேன். நீ எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் போனிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே செய்தி போயிருக்கிறது. "உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, இங்கே தொட்டுப் பாருங்கள்" என்று. கீழே என் பெயர். நான் அனுப்பவில்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் நான், என் பெயரைப் பார்த்தால் யார்தான் தொடமாட்டார்கள்? தொட்டவர்கள் போனெல்லாம் அப்படியே உறைந்துவிட்டன.

அதில் ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூன்றாவது மாடியில், ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறார். அவரும் மனைவியும் மட்டும்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்று அந்த அம்மா போனை எடுத்தால், அது திறக்கவே இல்லை. மூன்று மாடி இறங்கி மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறார். ஆள் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. உயிர் இருக்கிறது, அண்ணா. கண் திறக்கவில்லை.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். நான் எதையோ தொட்டுத்தான் இது வந்தது என்கிறார்கள். நான் எதையும் தொடவில்லை. நீ பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டருமாகக் கடை நடத்துகிறாய். இது எப்படி வந்தது என்று எழுது. யார் காரணமோ அவர்களை நான் சும்மா விடப்போவதில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


பிப்ரவரி 15

என் செல்ல மிளகாய்க்கு,

இங்கே நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் கடிதத்தைப் பிரித்த கை இன்னும் காந்துகிறது. கடை போன் பத்து நாளாக மக்கர் பண்ணுகிறது, அதனால்தான் எடுக்க முடியவில்லை.

நீ எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் வைரஸ் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். இப்போது கேபிள் வழியாகவே போனுக்குள் ஏறிவிடுகிறது. சார்ஜ் போடுவதற்கென்று செருகினாலே போதும். ஆபீசுக்கு வருகிற நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற கம்ப்யூட்டரில்தான் எல்லோரும் சார்ஜ் போடுவோம் என்று அன்றைக்கு நீயே சொன்னாய். அங்கிருந்துதான் வந்திருக்கும், வேறெங்கே? ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் லட்சணம் எனக்குத் தெரியாதா? வருகிறவன் போகிறவன் எல்லாம் பென்டிரைவைச் செருகுவான். எழுத்தில் புகார் கொடுத்துவிடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

போன் உன் கைக்குத் திரும்பினால், அதில் பச்சைக் குடை படம் போட்ட ஒரு ஆப் இருக்கும், அதைத் தொட்டுவிடாதே. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்கித் தரச் சொல். அதுதான் நல்லது.

மனசைத் தளரவிடாதே. அண்ணன் இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம்தானே? இங்கே நலத்துக்குக் குறைச்சல் இல்லை, நிம்மதிக்குத்தான்.

நீ சொன்னபடி பத்தொன்பதாம் தேதி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். டோக்கன் கொடுக்கும் மேசைக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் என் போன் கெட்டது, ஒரு நோயாளி படுத்துவிட்டார் என்று.

அந்த மேசையில் இருப்பவரை நாங்கள் டோக்கன் அம்மா என்போம். ஐம்பது வயது இருக்கும். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பதுபோல ஒரு முகம். நர்ஸ்கள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் நம்மைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். விசாரணையில் என் எதிரிலேயே, தன் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். குரல்கூட உயரவில்லை. அங்கே ஒரு மனுஷன் இரண்டு வாரமாக மூக்கில் குழாயோடு கிடக்கிறார், இந்த அம்மா மழை வருமா வராதா என்பதுபோலப் பேசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரணை அதிகாரி என்னிடம், "எழுதினது பூராவும் உண்மைதானே? பின்னாடி எதையாவது மறைச்சீங்கன்னு தெரிஞ்சா வேலை போயிடும்" என்றார். பூராவும் உண்மை என்று கையெழுத்துப் போட்டேன்.

கடை போன் சரியாகிவிட்டதா?

உன் தங்கை


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். அண்ணி உன்னை ரொம்ப விசாரித்தாள். வெயில் ஏறிவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடு.

அந்த விஷயத்தை ரொம்ப இழுக்காதே. புகார் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பாடு. போனை மட்டும் வெளியே எங்கும் சோதனைக்கு அனுப்ப விடாதே. உன் போட்டோ, உன் பேச்சு எல்லாவற்றையும் கண்டவன் பார்ப்பான். அழித்துவிடச் சொல்.

கடையில் தலைக்கு மேல் வேலை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

சுகம், சுகமே விரும்புகிறேன். உன் "பிறகு விரிவாக" எப்போது வரும்?

டோக்கன் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்த வேலைதானே, ஒரு தாளில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். முதுகுக்கு வைத்துக்கொள்கிற திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாராம். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கண்டக்டரை வார்டில் போய்ப் பார்த்தேன். கண் திறந்துவிட்டார். என்னைத் தெரியவில்லை. வலது கை விளங்கவில்லை. நான் போனால் தன் பஸ்ஸில் ஏறிய ஆட்களைப்போல நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார், அண்ணா, அந்த மனுஷன். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "உங்க பேர் இருந்துச்சுன்னுதாம்மா தொட்டாரு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நீ இரண்டு கடிதம் போட்டாய். ஒன்றில்கூட அவரைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. என் சாப்பாட்டைக் கேட்கிறாய், வெயிலைச் சொல்கிறாய். அவர் இருக்கிறாரா செத்தாரா என்று தெரிந்துகொள்ள உனக்குத் தோன்றவில்லையா?

போனைச் சோதனைக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டேன். என் போனில் மறைக்க என்ன இருக்கிறது?

உன் தங்கை


மார்ச் 24

அண்ணா,

சுகமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று.

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. அண்ணி போனுக்கு அடித்தேன். "அவரு குளிக்கிறாரு" என்றார், மத்தியானம் இரண்டு மணிக்கு. சாயங்காலம் அடித்தேன், அப்போதும் குளியல். நீ என்ன, மீனாகிவிட்டாயா?

சோதனை அறிக்கை இந்த வாரம் வருகிறது. அதைப் படித்து அர்த்தம் சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும். பதில் போடு.

தங்கை


மார்ச் 30

உனக்கு,

நலம் விசாரிக்கப்போவதில்லை.

அறிக்கை வந்துவிட்டது. அர்த்தம் சொல்ல நீ தேவைப்படவில்லை, எனக்கே புரிகிற மாதிரி இருந்தது. ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக அந்தச் சனியன் என் போனில் ஏறியிருக்கிறது. மூன்று வாரம் சத்தமில்லாமல் உள்ளே கிடந்து, அப்புறம் வேலையைக் காட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன்? உன்னைப் பார்க்க இரண்டு நாள் லீவில் வந்து, உன் கடையில், உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். போன் நிரம்பிவிட்டது, ஒரு போட்டோ எடுக்க இடமில்லை என்றேன். "குடு, ரெண்டு நிமிஷ வேலை" என்றாய். கேபிளைச் செருகினாய். "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று போன் கேட்டது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் உன் கட்டைவிரல் வந்து "எப்போதும் நம்பு" என்பதை அழுத்திவிட்டது.

அந்த ஆப்பின் படம் ஒரு பச்சைக் குடை. அறிக்கை வரும்வரை அதை நானும் பார்த்ததில்லை, உன்னிடம் சொன்னதுமில்லை, ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. நீ பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

இன்னொன்று. அன்றைக்கு அண்ணி தன் போனைச் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு வந்தார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் "அதுல போடாத, செவுத்துல போடு" என்றாய். நேற்றுச் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. பெண்டாட்டி போனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. தங்கச்சி போன் நாசமாய்ப் போகட்டும். அப்படித்தானே?

நீ திருட்டுத்தனம் செய்தாய், பயந்தாய், மறைத்தாய், அதையெல்லாம்கூட விடு. ஒன்றும் அறியாத ஒரு பொம்பளையை வேலையை விட்டு விரட்ட என் கையையே உபயோகித்தாயே. "எழுத்தில் கொடு" என்று சொல்லிக்கொடுத்தாயே. நீ கூடப்பிறந்தவன்தானா?

எங்கே செருகினாய் என்று விசாரணையில் கேட்டார்கள். யோசித்துச் சொல்ல அவகாசம் வாங்கியிருக்கிறேன். நடந்ததை உன் கையால் எழுதி அனுப்பு.


ஏப்ரல் 12

தங்கைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஜனவரி ஆரம்பத்தில் யாரோ பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வந்தது. வைரஸ் தடுப்பு இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கும். அது என்னிடம் இருக்கிறது, ஆனால் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நான் செய்கிற முதல் வேலை அதை அணைப்பது. போன்களிலிருந்து மொத்தப் போட்டோவையும் ஒரே அடியாக இறக்குகிற மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறேன், காசு கொடுத்து வாங்கியது இல்லை. தடுப்பு ஓடினால் அதைத் திருடன் திருடன் என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்த மென்பொருள் வேலை செய்ய ஒவ்வொரு போனிலும் ஓர் அனுமதியைத் திறந்துவிட வேண்டும். கேட்காமலே திறந்துவிடுவேன். வாடிக்கையாளர்களும் கேட்டதில்லை.

பத்தாம் தேதி வாக்கில் ஒரு டிரைவர் வந்து, தன் போனிலிருந்து எல்லோருக்கும் செய்தி போகிறது என்றார். கண்டதைத் தொட்டிருப்பாய் என்று திட்டி அனுப்பினேன். அப்புறம் இன்னும் இரண்டு பேர். எல்லாப் போனிலும் பச்சைக் குடை. பதினெட்டாம் தேதி நீ வந்தபோது எனக்குப் பாதி தெரியும். பாதி தெரியும் என்பதும் பொய். தெரியும்.

நீ போனை நீட்டினாய். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "எங்க அண்ணனுக்குத் தெரியாதது கம்ப்யூட்டர்ல எதுவும் இல்ல" என்று அவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாய். அவர்கள் முன்னால், உன் முன்னால், என் கம்ப்யூட்டரை நம்பாதே என்று எப்படிச் சொல்வேன்? உன் போன் புதிது, ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணியிடம் சொன்னது வாய் தானாகச் சொன்னது.

நீ கேட்டபடி எழுதிவிட்டேன். உன் காலில் விழுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு. இது வெளியே போனால் கடை போய்விடும். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றே இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும்?

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

கடைசி வரியைப் படிக்கும்வரை உனக்காக அழுதேன். அதைப் படித்ததும் கண்ணீர் நின்றுவிட்டது.

உன் கடிதத்தை இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். நகல் இல்லை, அசல்.

தங்கை


ஏப்ரல் 29

மகராசிக்கு,

நன்றாக இரு.

வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று பேர், தெருவே வேடிக்கை பார்க்க. மறுநாள் வாசலில் கூட்டம். பதினைந்து வருஷமாக என்னிடம் வருகிற தையல்காரர் தன் போனை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். மற்றவர்கள் பேசினார்கள். அதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது. உன் அண்ணி நடுவில் வந்து நின்று எனக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

காலில் விழுகிறேன் என்று எழுதினேன். கூடப்பிறந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம் இல்லையா? நீ செய்தது சரி. சரி என்பதால் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று சட்டம் கிடையாது.

ஜனவரியிலிருந்து இங்கே போன் செருகியவர்கள் உள்ளே வாருங்கள் என்று ஷட்டரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை அறுபத்தோரு பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு போனாகச் சுத்தம் செய்கிறேன். திட்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் செய்துகொண்டே இருக்கிறேன்.

அந்தக் கண்டக்டர் எப்படி இருக்கிறார்?


மே 8

அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? முறைக்காகக் கேட்கவில்லை.

கண்டக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். கை இன்னும் விளங்கவில்லை, பேச்சு குழறுகிறது. அவர் மனைவி என்னை உள்ளே விடுவதில்லை. வேறு நர்ஸ் போகிறார்.

உன் கடிதத்தால் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நாலாம் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறேன். டோக்கன் அம்மாவை எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கூப்பிடப்போவதில்லையாம். வைரஸ் அங்கிருந்து வரவில்லை என்றாலும், எல்லோரும் போன் செருகுவதைத் தடுக்காமல் விட்டது அவர் தவறுதான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நேற்று அவர் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. உட்காரச் சொல்லவில்லை. உன் கதை முழுவதையும் சொன்னேன், என் அண்ணன் ஏமாற்றிவிட்டான், அவன் பேச்சைக் கேட்டு உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று அழுதேன். அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அண்ணன் மறைச்சதையெல்லாம் சொல்லிட்டீங்க. நான் ஒட்டி வெச்சிருந்த சீட்டு எங்க போச்சு?"

உனக்கும் நான் இதை எழுதவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில், திரைக்குக் கீழே, "போன் செருகாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். ஒரு வருஷமாக இருந்தது. அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து நாங்கள் செருகுவோம், வந்தால் பிடுங்கிக்கொண்டு சிரிப்போம். புகார் கொடுக்கப் போன அன்றைக்கு அந்த மேசையில் யாரும் இல்லை. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கே இருந்தால் தப்பு என் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் செய்தேன். விசாரணையில் அவர் சீட்டு ஒட்டியிருந்தேன் என்றார். அங்கே ஒன்றும் இல்லையே என்றார்கள். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இரவு முழுக்க உன்மேல்தான் கோபம் வந்தது, என்ன அக்கிரமம் பார். உன்னை என்னவெல்லாம் கேட்டேன். நீ மறைத்தது ஐம்பத்தாறு நாள். இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு.

எல்லாவற்றையும் எழுதி நாளைக் காலை அவர்களிடம் கொடுக்கப்போகிறேன். அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், எனக்குப் போய்விடும். இப்போது தைரியமாக இருக்கிறது. காலையில் எப்படியோ, எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு நிச்சயம் இல்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதி, இதைத் தபாலில் போட்டுவிட்டு வரப்போகிறேன். பத்து நாளில் நான் கொடுத்துவிட்டேன் என்று உனக்குத் தகவல் வரவில்லையென்றால், இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதே. அசலையே கொடு.

உன் தங்கை